மட்டையோடு வரச் சொன்ன மருத்துவர் அம்மையாருக்கு, வெட்கத்தோடு

அவையோரே! மாலைகளை ஒரு கணம் மேசைமேல் வையுங்கள். இந்த மண்டபத்துக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்கும் ஓர் அநீதிக்குச் சாட்சியாக வாருங்கள்! இன்று பணி ஓய்வு பெறும் நம் படவியல் மருத்துவர் அம்மையார் அமர்ந்திருக்கும் நாற்காலியைப் பாருங்கள். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள அந்த நாற்காலி எங்கிருந்து வந்தது? அவருடைய ஸ்கேன் அறையிலிருந்து வந்தது. நோயாளி அமர்ந்து கையை நீட்ட வேண்டிய நாற்காலிக்குப் பட்டுத்துணி போர்த்தி, நாங்களே மேடைக்குத் தூக்கி வந்தோம், அறையைப் பூட்டினோம். பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு டென்னிஸ் ஆட்டக்காரி, மட்டையை மடியில் கிடத்தி, காலையிலிருந்து காத்திருக்கிறாள்.

எலும்பின் விரிசலை எக்ஸ்ரேயில் கண்டவரே! எலும்பைச் சூழ்ந்த இழைகளின் இன்னலை எம்.ஆர்.ஐ.யில் அறிந்தவரே! இரண்டு படங்களும் வாய் மூடிய இடத்தில், வலிக்கிறது என்று வாய் திறந்தவரை நம்பியவரே! மணிக்கட்டின் மாயத்தை மட்டையைக் கொண்டே மடக்கிப் பிடித்த மாண்பாளரே! வணக்கம். வாழ்த்துவதற்காக எழுந்தோம், தலை நிமிர முடியாமல் நிற்கிறோம்.

பொன்னெழுத்தில் அச்சிட்ட வாழ்த்து மடல் ஒன்று அதோ கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதில் உங்கள் முப்பதாண்டுப் பணியை நாங்கள் முழங்கியிருக்கிறோம். உங்கள் வழியில் நாங்கள் நடப்பதாகவும் எழுதியிருக்கிறோம். அந்தக் கடைசி வரி பொய். வாசலில் அந்தப் பெண்ணைக் கண்ட பிறகு அதைப் படிக்க எங்களுக்கு நா எழவில்லை. ஆதலால் அவசரமாக எழுதிய இந்தத் தாளைப் படிக்கிறோம்.

படம் எடுக்கும் எங்கள் தொழிலுக்கு ஒரே மந்திரம் உண்டு: "அசையாதீங்க." அசைந்தால் படம் கலங்கும் என்பதால் அதை அல்லும் பகலும் ஓதுகிறோம். நீங்கள் ஒருவர்தாம் அதைத் திருப்பிப் போட்டீர்கள். டென்னிஸ் ஆடுவோர் மணிக்கட்டு வலியென்று வந்தால், அல்ட்ராசவுண்டு ஜெல்லியைத் தடவி, படமெடுக்கும் கைக்கருவியான ப்ரோப்பை மணிக்கட்டின்மேல் வைத்து, "மட்டையைப் பிடிங்க, எப்படி அடிப்பீங்களோ அப்படியே அசைங்க" என்றீர்கள். கை அசையாதபோது எலும்பின் பள்ளத்தில், தன் உறைக்குள் நல்ல பிள்ளையாகப் படுத்திருந்த தசைநாண், உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பி, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாய்ந்ததும், வெளியே துள்ளி விழுவதைத் திரையில் காட்டினீர்கள். கண்டோம், கற்றோமா? "மட்டையம்மா கோர்ட்டைத் திறந்துட்டாங்க" என்று உங்களுக்குப் பட்டப்பெயர் சூட்டிச் சிரித்தோம். அத்தகைய நோயாளி வந்தபோதெல்லாம் உங்கள் அறைக்குத் தள்ளிவிட்டு, தேநீர் குடிக்கப் போனோம். உங்கள் திறமையைப் போற்றியதாகச் சொல்லிக்கொண்டோம்; உண்மையில் எங்கள் சோம்பலை உங்கள் திறமைக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம்.

சென்ற வாரம் நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள். அப்போதுதான் வாசலில் இருக்கும் அந்தப் பெண் முதலில் வந்தாள். இரு கைகளாலும் மட்டையைப் பிடித்துப் பந்தைத் திருப்புபவள். வலிப்பதோ இடது மணிக்கட்டு. உடன் வந்த பயிற்சியாளர் எங்கள் முன்னிலையிலேயே ஏளனம் செய்தார்: "நீ வலக்கை ஆட்டக்காரி, வலிக்கிறது மட்டும் இடக்கையா? நல்லா கதை விடுறம்மா!" நாங்கள் அவரை மறுக்கவில்லை. அவளைப் படுக்க வைத்து, அசையாதீங்க என்றோம்.

"அசைச்சாத்தான் சார் வலிக்குது."

"அப்ப அசையாம இருங்க, வலிக்காதுல்ல?"

எங்களுள் ஒருவர் இப்படிச் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். வலி அசைவில் இருந்தது. நாங்கள் அசையாமையைப் படம் பிடித்தோம். அவள் கையில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று எழுதும் நேர்மையின்றி, ஒன்றுமில்லை என்று எழுதினோம்! அந்த ஒற்றைச் சொல்லைத்தான் பயிற்சியாளர் இன்று சாட்டையாகச் சுழற்றுகிறார்: நாளை நடக்கும் அணித் தேர்வில் ஆடாவிட்டால் அணியில் அவளுக்கு இடமில்லை. ஆடினாலோ, ஒருவேளை கிழிந்திருக்கும் தசைநாண் உறை முழுதாகக் கிழியும். நடிப்புக்காரி என்ற பெயரோடு வெளியேறுவதா, நலிந்த கையோடு ஆடி முடமாவதா? இந்த இரண்டுக்கும் நடுவே அவளை நிறுத்தியவர்கள் நாங்கள்.

இன்று காலை அவள் மட்டையோடு உங்களைத் தேடி வந்தாள். "டாக்டரம்மாவுக்கு இன்னைக்கு ஃபங்ஷன், நாளைக்கு வாம்மா" என்றோம். "நாளைக்கு அவங்க இருக்க மாட்டாங்களே, வேற யாரு பார்ப்பீங்க?" என்று கேட்டாள். அம்மையீர், இத்தனை பேர் இருக்கும் எங்கள் துறையில், மட்டையைப் பிடிக்கச் சொல்லிப் படம் பார்க்கக் கற்றவர் ஒருவரும் இல்லை. உங்கள் ஓய்வு உங்களுக்கு வந்த பெருமை; எங்கள் குறையின்மேல் விழுந்த வெளிச்சம்.

நீங்கள் நோயின்றி, நூறு வேனில் கண்டு, விரும்பிய இடமெல்லாம் வீசிய கையோடு நடந்து வாழ்க! ஆனால் இந்த விழா முடிவதற்குள் ஒரு தயவு செய்யுங்கள். ப்ரோப்பை இன்று நாங்கள் பிடிக்கிறோம். நீங்கள் அருகில் நின்று, தவறும் இடத்தில் தட்டுங்கள்.

அவையோரே! கைதட்டியது போதும். அம்மையார் எழுந்துகொள்ளட்டும். பட்டுத்துணியை உருவுங்கள், நாற்காலியைத் தூக்குங்கள், பூட்டைத் திறவுங்கள், அந்தப் பெண்ணை உள்ளே அழையுங்கள். "ஒன்றுமில்லை" என்று எழுதிய கையே அவள் முன்னால் அந்தச் சொல்லைக் கோடிட்டு அடிக்கட்டும். ஆயுள் முழுதும் அடுத்தவரை அசையாதீர்கள் என்று சொல்லிப் பிழைத்த நம் துறைத் தோழர்களே, இப்போது நீங்கள் அசையுங்கள்!

தலைகுனிந்து,
படவியல் துறையினர்