சின்ன ரூம் லைட்டு

பம்மலில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சின்ன ரூம் லைட்டை அணைச்சியா?" என்று திடீரெனக் கேட்டார் கணவர்.

"அணைச்சேன். ஏன்?"

"ஐயோ! தூண்டிலுக்கு வளர்க்குற மண்புழு டப்பா அங்கதான் கீது. வெளிச்சம் இருந்தாதான் மண்ணுக்குள்ளயே கெடக்கும். ஜன்னல் இல்லாத ரூமு, இருட்டாச்சுன்னா மொத்தமும் வெளிய வந்துடும்."

"மூடி போடலையா?"

"மூடினா காத்து இல்லாம செத்துடும்."

மனைவியின் முகம் மாறியது.

"நீங்க ஆட்டோ புடிக்கப் போனப்போ உங்க அக்கா நைட் டூட்டி முடிச்சு வந்தாங்க. அந்த ரூம்லதான் பாய் போட்டுப் படுத்திருக்காங்க. கண்ணு கூசுதுன்னு சொன்னாங்க, அணைச்சுட்டேன்."

கணவருடைய போன் அடித்தது. "அக்காதான்" என்று முனகியவர், அதை அப்படியே மனைவியின் மடியில் போட்டார்.

"நீதானே அணைச்ச? நீயே பேசு."