நகராத ஃபைல்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் போகிற ரோட்டில் ஈ காக்கை இல்லை... ஒரு பைக் மட்டும் போனது. ஓட்டியவன் எட்வின். இதோ, காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறானே ஜெபக்குமார், இவனுடைய மச்சான். ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். பொய்யென்றால் இவனையே கேளுங்கள்.

அந்த ரோட்டோரப் பள்ளிக்கூடத்தில் மறுநாள் பிளஸ் டூ பிராக்டிகல். பிள்ளைகளின் இருபது சிஸ்டமும் வைரஸ் ஏறிப் படுத்துவிட்டன. டீச்சருடையது ஒன்றுதான் உருப்படி. அதை இமேஜ் எடுத்து, அதாவது அச்சு அசலாய் நகலெடுத்து, இருபதிலும் இறக்கியாக வேண்டும். இல்லையென்றால் பரீட்சை இல்லை.

இமேஜை வைக்க இடம் வேண்டுமே. டிஸ்கில் தனி இடம் ஒதுக்க பார்ட்டிஷனைச் சுருக்கிப் பார்த்தான். முடியாது என்றது. வழக்கமாக வழியை அடைக்கிற பேஜ் ஃபைலை நிறுத்தினான், ரீஸ்டோர் பாயிண்டுகளை அழித்தான்... மறுபடியும் எரர். டிஸ்கின் கடைசியில் ஒரு ஃபைல் நகர மறுக்கிறது. தேடிப் பிடித்தான். பெயர் ஜெயசித்ரா. அளவு பூஜ்யம். உள்ளே ஒன்றுமே இல்லாதது எப்படி வழியை அடைக்கும்?

அப்போதுதான் அந்த வாசனை... தலைவலித் தைலம். பக்கத்தில் யாரோ நெற்றியில் தேய்த்துக்கொண்ட மாதிரி.

வாட்ச்மேன் வேலுசாமியைக் கூப்பிட்டான். அவர் வாசலைத் தாண்டவில்லை.

"அது டீச்சரு பேரு சார். எந்நேரமும் தலைவலி. வீட்டுக்குப் போங்கன்னா, பிராக்டிகல் முடியட்டும், பொறவு எந்திரிக்கேன்ம்பாக. அந்தச் சேர்லயே போயிட்டாக. இன்னும் கருமாதிகூட ஆகல. அவிய பொருள் எதையும் அழிச்சுப்புடாதீக."

எட்வின் வேதக்காரன்தான், கருமாதியெல்லாம் பார்க்கிறவனில்லை. ஆனாலும் அந்த ஃபைலைத் தொடவில்லை. கடைக்குப் போய் வெளி ஹார்ட் டிஸ்கை எடுத்து வந்தான். எதையும் சுருக்கவில்லை, அழிக்கவில்லை. இருந்தது இருந்தபடியே இமேஜ் எடுத்து, இருபதிலும் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பினான். அந்த ஃபைலும் இருபதிலும் போயிருக்குமே என்பது பாதி வழியில்தான் உறைத்தது. வண்டியைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை, பயம்.

மறுநாள் சாயங்காலம் வேலுசாமிக்குப் போன் போட்டான்.

"பரீட்சை முடிஞ்சது சார். பிள்ளைய எல்லாம் நின்னுக்கிட்டேதான் செஞ்சுச்சுக."

"ஏன், சேர் பத்தலையா?"

"இருக்கு சார். உக்காரப் போனா... யார் மடியிலயோ உக்கார்ற மாதிரி இருக்குதாம்."

பிள்ளைகள் போனபின் அவர் லேபைப் பூட்டப் போயிருக்கிறார். உள்ளே... க்ரீச். இருபது நாற்காலியும் ஒன்றாய்ப் பின்னுக்கு நகர்ந்திருக்கின்றன, ஆள் எழுந்தால் நகருமே, அப்படி.

டீச்சருடைய நாற்காலி மட்டும் நகரவில்லை.