மாப்பிள்ளைக்குப் போய்ச் சேராத பந்து

இந்த கேம் கண்ட்ரோலர்ல பழுதே இல்லையா? நல்லாப் பாத்தீங்களா தம்பி? எல்லா பட்டனும் வேலை செய்யுதுன்னா, அப்ப பழுது எனக்குத்தான். அதையும் ரசீதுல எழுதிக் குடுத்துடுங்க.

இல்ல, கேளுங்க. நான் தபாலாபீஸ்ல முப்பத்தோரு வருஷம் தெரு வாரியா கடிதம் பிரிச்சவ. டாக்டர் கிறுக்கின விலாசத்தைக்கூட படிச்சு சரியான தெருவுக்கு அனுப்பியிருக்கேன். இந்த ஃபுட்பால் கேம்ல பத்தடி தள்ளி நம்ம ஆளு மரம் மாதிரி நிக்கிறான். அவன் பக்கம் குச்சியைத் திருப்பி பாஸ் பட்டனை அமுக்குறேன். பந்து அவனை ஒரு பார்வை பாத்துட்டு, நேரா எதிராளி காலுக்குப் போகுது. என்னமோ அவன் வீட்டுல வளந்த பந்து மாதிரி!

லேசா அமுக்கினா பாதி வழியில சோம்பல் முறிச்சுக்கிட்டு நின்னுடும். அழுத்தினா கோட்டைத் தாண்டி ஊர் சுத்தப் போயிடும். வேர்வை சொட்டுறது வரைக்கும் வரைஞ்சிருக்கான் இந்த கேமைச் செஞ்ச மகராசன், பாஸை மட்டும் மறந்துட்டான்.

யாரு, பேரனா? அட, மாப்பிள்ளை கூடத்தான் ஆடுறேன். ஆமா, மாமியாரும் மருமகனும் ஒரே டீம். சிரிங்க, சிரிங்க. ரிட்டயரானதுலேருந்து அவங்க வீட்டுலதான் இருக்கேன். அவரு வேலை விட்டு வந்தா டிவி முன்னாடி தனியா உக்காந்து இதையே ஆடுவாரு. சாப்பிட வாங்கன்னா, ம். உடம்பு சரியில்லையான்னா, ம். அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் தூசி தொடைக்கிற சாக்குல இந்த ரெண்டாவது கண்ட்ரோலரை எடுத்தேன். எந்த பட்டன் எதுக்கு மாப்பிள்ளைன்னு பக்கத்துல உக்காந்துட்டேன். பதில் சொல்லித்தானே ஆகணும்?

நேத்து ராத்திரி ஸ்கோர் ஒண்ணுக்கு ஒண்ணு, கடைசி நிமிஷம். அவரு ஆளு கோல் முன்னாடி தனியா நிக்கிறான். அத்தை, இங்க, இங்கன்னு கத்துறாரு. குடுத்தேன். அது பாட்டுக்கு எதிராளிகிட்ட போச்சு. அவன் ஒரே ஓட்டமா ஓடி நமக்கே கோல் போட்டுட்டான். எனக்கு வந்த கோவத்துல இதைத் தூக்கி சோபால அடிச்சேன். இவரு என்னடான்னா வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிறாரு. கண்ணுல தண்ணி வருது. அந்த டீம்ல எப்ப சேந்தீங்க அத்தைங்கிறாரு. அவரு சிரிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா... சரி, விடுங்க.

பொண்ணா? அவளை ஏன் ஆடச் சொல்லலைன்னா... இது அவளோட கண்ட்ரோலர்தான் தம்பி. இவரு வேண்டாம்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போயி எட்டு மாசம் ஆச்சு. நான்தான் போகல. அங்க இன்னும் என்னம்மா பண்றே, சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன், கெளம்பி இருன்னு ஃபோன்ல கத்துறா. அவரும், போயிட்டு வாங்க அத்தை, நான் சமாளிச்சுக்குவேன்னு சொவத்தைப் பாத்துக்கிட்டுச் சொல்றாரு.

நான் என்ன சொல்றது? சனிக்கிழமை எங்களுக்கு அரையிறுதி, வர முடியாதுன்னு சொல்லிட்டேன்.