பறக்கும் தட்டைப் பார்த்த ஆள்

மாட்டுங்காவில் குடியிருப்பவனுக்கு வானம் அவ்வளவாகக் கிடைக்காது. எதிர் பில்டிங்குக்கும் நம் பில்டிங்குக்கும் நடுவே ஒரு துண்டு; அதிலும் பாதியை யாராவது வேஷ்டி உலர்த்தி மறைத்திருப்பார்கள். அதனால்தான் நான் மொட்டை மாடியைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் டார்ச்சைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள், தெரிகிறது. டார்ச் எங்கள் வீட்டுடையதுதான். என் மனைவி நாகலக்ஷ்மி உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னது சரி. அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் புரியும். நீங்களும் தமிழர், அது ஒரு சௌகரியம்.

ஸ்புட்னிக் விட்ட வருஷம் ஊரே மாடி ஏறி அண்ணாந்து பார்த்தது. அந்தச் சூட்டில் நான் ஆரம்பித்ததுதான் எங்கள் பறக்கும் தட்டு ஆராய்ச்சிச் சங்கம். காரியதரிசி நான். லண்டனிலிருந்து கப்பல் தபாலில் பத்திரிகை வரவழைத்து, ஞாயிறு மாலைகளில் மெம்பர்களுக்கு விளக்கிச் சொல்வேன். அறுபத்திரண்டில், எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடி உலகம் அழியப்போகிறதென்று தெருவெல்லாம் ஹோமம் வளர்த்தார்களே, அந்த வாரம் எங்கள் மாடியில் உட்கார இடமில்லை. தட்டு வந்து தங்களை ஏற்றிக்கொண்டு போகுமா என்று என்னிடம் கேட்டார்கள். உலகம் அழியவில்லை என்றதும் அவனவன் படியிறங்கிப் போய்விட்டான். ஜனங்களின் நம்பிக்கை இவ்வளவுதான்.

நான் மட்டும் விடாமல் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை. தட்டு தெரிந்ததா என்பதைவிடப் பார்த்தவர் யார் என்பதுதான் முக்கியம் என்று அந்தப் பத்திரிகை எழுதும். விமானி, டாக்டர், வாத்தியார், இப்படி நம்பத்தகுந்த சாட்சி வேண்டும். நான் கணிதப் பட்டதாரி. என் முறை வரும் என்று காத்திருந்தேன்.

இந்த ஏப்ரலில் பஞ்சு ஓர் ஆளை அழைத்துவந்தார். ரயில்வே குமாஸ்தா, சங்கத்தில் மூத்தவர். "ஓய் சந்திரமௌலி, இவன் பாத்திருக்கான். நேர்ல பாத்திருக்கான்" என்றார், ஏதோ மாப்பிள்ளையை அழைத்துவந்தவர் போல.

வந்தவன் பெயர் செல்லப்பாண்டி. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை. அவனுக்கு முன்னால் அவன் நாற்றம் மாடிப்படி ஏறி வந்தது, சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த நாற்றம். நகக்கண்ணெல்லாம் பழுப்பு. எனக்கு ஜாதி கீதி கிடையாது, அதை எழுதிக்கொள்ளுங்கள். சுத்தம் என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

"உப்புத்தண்ணிக் கழிப்பக்கமா வாறேன் சாமி, பொழுது அடையுத நேரம். ஆரஞ்சு நெறத்துல ஒண்ணு, அசையாம அந்தரத்துல நிக்கு. பொறவு விருட்டுன்னு தெக்க போயிட்டு. எங்க தெருவுல இசக்கியம்மங்காங்க. பஞ்சு சார்தான் இது வேறங்காரு."

இவ்வளவுதான் அவன் பார்த்தது. ஆனால் மெம்பர்கள் அவனை விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மறுபடி சொல்லச் சொன்னார்கள், கதையும் வளர்ந்தது. தட்டில் ஜன்னல் திறந்ததாம். உள்ளிருந்து யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். படித்த மனிதர்கள் தங்கள் பெண் கல்யாணத்தைப் பற்றி அவனிடம் குறி கேட்டார்கள். பஞ்சு அவனுடைய அந்தக் கையைப் பிடித்துத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. அவன் உதட்டைப் பதித்து உறிஞ்சினான், புறங்கையால் மீசையைத் துடைத்தான். அவன் போனதும் டம்ளரைக் குப்பையில் போட்டேன். நாகலக்ஷ்மி அதை எடுத்துத் தேய்த்து அலமாரியில் வைத்தாள். "அவன் கண்ணுக்குத் தெரிஞ்சுதே. நீங்க இத்தனை வருஷமா பாக்கறேள், ஒண்ணும் தெரியலையே" என்றாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

முதலில் என்னைச் சாமி என்றான். பிறகு சார். பிறகு அண்ணாச்சி. ஆகஸ்ட் கடைசியில், எல்லார் முன்னிலும், என் தோளில் கை வைத்தான். "வெசனப்படாதீங்க அண்ணாச்சி. அடுத்த மட்டம் வந்தாவன்னா, ஒங்களுக்கும் காட்டச் சொல்லி நான் ஒரு வார்த்த சொல்லுதேன்." ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பஞ்சு நன்றியோடு தலையாட்டினார். எனக்காக. அந்தச் சட்டையை நான் மறுபடி போடவில்லை.

செப்டம்பரில் எல்லையில் யுத்தம் மூண்டது. ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி, ஊரை இருட்டாக்கினார்கள். பாராசூட்டில் ஒற்றர்கள் இறங்கிவிட்டதாகத் தினம் ஒரு புரளி. டிராம்பேயில் அணு உலை இருப்பதால் செம்பூர்ப் பக்கம் பயம் அதிகம். பையன்கள் தடியோடு தெருத்தெருவாகக் காவல் சுற்றினார்கள். நான் செல்லப்பாண்டியைத் தனியே கூப்பிட்டு, ஊர் இருட்டாக இருக்கும்போது விளக்குக் காட்டினால் தட்டில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்றேன். திலக் நகரைத் தாண்டிய வெட்டவெளியில் நின்று, டிராம்பே மலையைப் பார்த்து டார்ச்சை ஆட்டு, மெம்பர்களை நான் அழைத்து வருகிறேன் என்றேன்.

"போலீசு புடிச்சிராதா அண்ணாச்சி?"

"நான் இருக்கேனே."

குளித்துவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். உடம்பெல்லாம் சோப்பு வாசனை. "இன்னைக்கு ஒங்க கண்ணுல காட்டாம போமாட்டேன்" என்றான். அவனும் நம்பத்தான் நம்பினான் என்று அப்போது தெரிந்தது. அந்த சோப்பு வாசனை எனக்குப் பழைய நாற்றத்தைவிட அருவருப்பாக இருந்தது. டார்ச்சை ஒரு கல்லின் மேல் வைத்தேன், எடுத்துக்கொண்டான்.

அவன் ஆட்ட ஆரம்பித்ததும் தெருமுனைக்குப் போய்ப் பையன்களிடம் சொன்னேன். "உதர் கோயி டிராம்பே கீ தரஃப் பத்தி திகா ரஹா ஹை." அங்கே யாரோ டிராம்பே பக்கம் விளக்குக் காட்டுகிறான். அதில் ஒரு சொல் பொய்யில்லை. மூக்குக் கண்ணாடி, இஸ்திரிச் சட்டை, ஆபீஸ் பை. என்னிடம் வேறு சாட்சி யாரும் கேட்கவில்லை. ஜாசூஸ், ஒற்றன், என்று ஒருவன் கத்தினான், எல்லாரும் ஓடினார்கள். வெளிச்சம் என்னவோ வெளிச்சம்தான். தாராவியில் அது இசக்கி, எங்கள் மாடியில் தட்டு, அங்கே ஒற்றன்.

அடி விழுந்தபோது அவனுக்கு ஹிந்தி மறந்துவிட்டது. "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு பையன் திரும்பி, இவனை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். நஹி என்றேன்.

நான் அங்கிருந்து ஓடிப்போகவில்லை. அவர்கள் அடித்து முடிக்கும்வரை அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள், வேண்டியவனை இப்படிச் சாக விடுவார்களா? ஒரு வெளிச்சம் வரவில்லை, ஒரு பொட்டு அசையவில்லை. ஆக, அவன் சொன்னது பொய். விஞ்ஞானத்தில் இதற்குச் சோதனை என்று பெயர். செய்தது நான்தான், மறுக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் நம்ப வேண்டும். தட்டு மட்டும் வந்திருந்தால், முதல் ஆளாக ஓடிப்போய் நானே அவனை இந்தக் கையால் தூக்கியிருப்பேன்.