பெரிய நாலு

ஓட்டைக் காலணாவில் ஆண்டைப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. நடுவில் ஓட்டை இருக்கிறது, அது போதும் என்று வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அதனால்தான் ஐயா, இந்தக் காசை மேசையில் வைத்துக்கொண்டு நீங்கள் காலையிலிருந்து திண்டாடுகிறீர்கள்.

ஒரு பையன், இரண்டு தாய். சிவகிரியிலிருந்து சீசனுக்குக் கூடை முடைய வந்த முப்பிடாதி, தான் பெற்ற பிள்ளை என்கிறாள். குற்றாலத்தில் பழக்கடை போட்டிருக்கும் உலகம்மாள், மூன்று வருஷத்துக்கு முன் அருவிக்கரையில் காணாமல் போன தன் பிள்ளை என்கிறாள். உலகம்மாள் அன்றைக்கு இதே ஸ்டேஷனில் சொன்ன காசு இந்தப் பையன் அரைஞாணில் கிடந்தது. அது எப்படி வந்தது என்று முப்பிடாதிக்குச் சொல்லத் தெரியவில்லை. கூடை முடைகிறவர்கள் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். பையனை உலகம்மாளிடம் கொடுத்துவிட்டு முப்பிடாதியை உள்ளே வைக்கலாம் என்று ஏட்டையா சொன்னதும் என் காதில் விழுந்தது.

காசு பார்க்கத் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். இதுதானா அந்தக் காசு என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும், கோபித்துக்கொள்ளக் கூடாது.

இதோ, இது என்னுடைய காசு. பக்கத்தில் பையனுடையது. இரண்டும் 1944. கிரீடம், ஓட்டை எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எண்ணை மட்டும் பாருங்கள். என்னுடையதில் நாலு சின்னது, ஒடுங்கியது. பையனுடையதில் நாலு பெரியது, கால் தடித்தது. ஒரே வருஷத்தில் அடித்த காசில் இரண்டு அளவு ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. அச்சு ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றையும் வெட்டியவன் கை வேறு. அவ்வளவுதான் விஷயம். பூதக்கண்ணாடி கூட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். சின்ன நாலில் வழுக்கிப் போகும். பெரிய நாலில் தடுக்கும்.

பெரிய அருவிக்குப் போகிற வழியில் எனக்கு எண்ணெய்க் கடை. சீசனில் சில்லறை கொட்டும். இத்தனை காசில் பெரிய நாலு ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை. அப்படி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவே. அதை முதன்முதலாகப் பார்த்தது உலகம்மாள் பிள்ளை குற்றாலிங்கத்தின் இடுப்பில். அவளுக்குப் பக்கத்துக் கடை. புருஷன் இல்லை. கூட்டம் நெருக்கும்போது ஒன்றரை வயசுப் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். நான் எண்ணெய் தேய்த்து உட்காரவைப்பேன்.

"இந்த ஓட்டைத் துட்டுல என்னத்த அப்படி உத்து உத்துப் பாக்கிய அண்ணாச்சி? ஓட்டை வழியா மலையாளம் தெரியுதோ?" என்று சிரித்தாள்.

நான் விளக்கினேன். எனக்கு விளக்காமல் இருக்க முடியாது. அவளுக்குப் படிப்பு கிடையாது. நகத்தால் தடவக் கற்றுக்கொடுத்தேன். மறுநாளே எதிர்க்கடைக்காரியிடம், "ஏட்டி, எம்பிள்ளை இடுப்புல கிடக்கது பெரிய நாலாக்கும். ஊருக்கே ஒண்ணு. அண்ணாச்சிட்ட வேணும்னா கேளு" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். விலைக்குக் கேட்டேன். சிரித்தாளே தவிர, தரவில்லை.

அரைஞாணில் காசு எப்படி நிற்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பலர் முடிச்சுப் போட்டிருப்பதாக நினைப்பார்கள். முடிச்சு இடுப்புக்குப் பின்னால்தான். கயிற்றை மடித்து ஓட்டைக்குள் விட்டு, அந்த மடிப்பு வளையத்துக்குள் காசை நுழைத்து இழுத்தால் இறுகிக்கொள்ளும். கழற்றுவதற்கும் அதே வழிதான், திருப்பிச் செய்ய வேண்டும். முடிச்சைத் தொட வேண்டியதே இல்லை. எண்ணெய் தேய்த்த இடுப்பில் இன்னும் லேசு.

ஆடி மாசம், நல்ல சாரல். பெரிய நாலைக் கழற்றி, சின்ன நாலு ஒன்றைக் கோத்துவிட்டேன். ஒரு காலணாவுக்கு ஒரு காலணா. அதில் அவளுக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன். பிறகு வெளிச்சத்துக்காகக் கடையின் பின்வாசலுக்குப் போனேன். பூதக்கண்ணாடியில் அந்த நாலைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. முன்னால் வந்தபோது எண்ணெய்ப் பலகையில் பிள்ளை இல்லை. கீழே படித்துறையில் கூச்சல் கேட்டது. மலையில் பெய்த மழை அருவியில் திடீரென்று இறங்கியிருந்தது.

உலகம்மாள் ஓடிவந்து கேட்டாள். "உன் கடைக்குத்தானே நடந்து வந்தான்" என்றேன்.

சில நாள் கழித்து மேலகரத்துக்குப் பக்கம் சிற்றாற்றில் ஒரு பிள்ளை ஒதுங்கியது. முகம் பார்த்துச் சொல்லும் நிலையில் இல்லை. உலகம்மாளுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அவள் குனிந்து அரைஞாணைத்தான் தேடினாள். கண்ணை மூடிக்கொண்டு, நான் கற்றுக்கொடுத்தபடியே, நகத்தை ஓட்டினாள். வழுக்கியது.

"இது எம்பிள்ளை இல்ல. சின்ன நாலு" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களே பாருங்க அண்ணாச்சி" என்றாள்.

நான் பார்த்தேன். "ஆமா, சின்ன நாலுதான்" என்றேன். அது பொய்யில்லை. கயிற்றில் இருப்பது நீ போடுகிற முடிச்சு மாதிரி இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, எல்லாரும் போடுகிற முடிச்சுதானே என்றாள். அவள் முகத்தில் அன்றைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதைக் கெடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்படித்தான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பாரில்லாத பிணம் என்று ஆற்றோரத்தில் புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் கடையை ஒழுங்காக நடத்தவில்லை. செங்கோட்டை ரயில் ஸ்டேஷனில் போய் நிற்பாள். குளிக்க வருகிற பிள்ளைகளின் இடுப்பையெல்லாம் தடவிப் பார்ப்பாள். திட்டு வாங்குவாள், அடியும் வாங்கியிருக்கிறாள். நயா பைசா வந்த பிறகு ஓட்டைக் காலணா பிள்ளைகள் இடுப்பில்தானே மிச்சம். தினமும் காலையில் என் கடை வாசலுக்கு வந்து, "அண்ணாச்சி, பெரிய நாலு எங்கனயாவது கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்பாள். "இல்ல தாயி" என்பேன். காசு என் கல்லாவுக்கு அடியில் டப்பாவில் இருந்தது. அதை மறுபடி எடுத்துப் பார்க்க எனக்குக் கூசியது.

ஒரு நாள் கேட்டுவிட்டுப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. எதையாவது சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. பழுதானதைச் சரிசெய்கிற புத்தி எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு.

இந்த சீசனுக்கு முப்பிடாதி வந்தாள். நாலு பிள்ளைகள். கடைசிப் பையனுக்கு நாலரை வயசிருக்கும். நீர்க்கோவைக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லி என் கடைக்குக் கூட்டிவந்தாள். இடுப்பில் வெறும் கறுப்புக் கயிறு. "புண்ணியமாப் போவும் அய்யா, நல்லாத் தேய்ங்க" என்றாள். தேய்த்தேன். கயிற்றை மடித்தேன், காசை நுழைத்தேன், இழுத்தேன். பையன் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கா?" என்று கேட்டான். இவளுக்கு நாலு பிள்ளை இருக்கிறதே, உலகம்மாளுக்கு ஒன்றுகூட இல்லையே என்று அப்போது நினைத்தேன். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது ஐயா.

மறுநாள் காலை உலகம்மாள் வந்து கேட்டாள். பழைய அருவிப் பக்கம் கூடை முடைகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

சற்றுமுன் வெளியே முப்பிடாதி என் காலைப் பிடித்தாள். "அய்யா, நீங்கதானே எண்ணெய் தேய்ச்சிய. அப்பம் இந்தத் துட்டு இடுப்புல கிடந்துச்சான்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். அவளுக்குச் சந்தேகம்கூட வரவில்லை. அந்தப் பக்கம் பெஞ்சில் உலகம்மாள் பையனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு காசு கிடந்த அரைஞாணை நகத்தால் தடவிக்கொண்டிருந்தாள். பையன் அம்மா, அம்மா என்று கத்துகிறான். தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று அவள் முத்தம் கொடுக்கிறாள். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கு மேல் என்னால் வெளியே நிற்க முடியவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். இது அந்தக் காசுதான். இந்தப் பையன் இடுப்பில் இதைக் கோத்தது நான். மேலகரத்தில் புதைத்த பிள்ளையின் இடுப்பில் சின்ன நாலைக் கோத்ததும் நான். அது உலகம்மாள் பிள்ளை. இது முப்பிடாதி பிள்ளை.