மரத்துக் கொழுப்பு

"மரத்துக்கு ஏதுடி கொழுப்பு?"

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் தங்கையைக் கேட்டாள். தங்கை, வீட்டில் செய்த சோப்புகளை மடியில் கொட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் லேபிளையும் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டுக் கொழுப்புக்குப் பதிலா இலுப்பெண்ணெதான்கா ஊத்தினேன். மரத்துக் கொழுப்புன்னு தெலுங்குல 'செட்டு கொவ்வு' போட்டேன். கடைக்காரரு கொவ்வுன்றத மட்டும் படிச்சிட்டு, கறிக் கொழுப்பு நமக்கு வேணாம்னு திருப்பிட்டாரு."

"எண்ணென்னே போடறதுதான?"

"அது கட்டியா ஒறஞ்சிகினு இருந்துச்சுக்கா. எண்ணென்னா பொய்யாயிடாதா?"

வடமாலப்பேட்டை தாண்டியதும் அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"மரத்துக்கு இல்லடி, உனக்குத்தான் கொழுப்பு" என்று சொல்லிவிட்டு, தானும் ஒரு சோப்பை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள்.