நான்காம் நம்பர் பிரஸ்

ஓசூரில் எட்டு மணிக்கு மேல் சிப்காட் ரோட்டில் கம்பெனி பஸ்கள் நிறைந்துவிடும். அதனால் நான் ஏழேகாலுக்கே உள்ளே போய்விடுவேன். பதினோரு வருடமாக அப்படித்தான்.

நீங்கள் தொழிற்சாலை ஆய்வாளர். புரோகிராம் வேலை உங்களுக்குப் பழக்கமிருக்காது. சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களிடம் ஆறு பிரஸ்கள். எட்டு வினாடிக்கு ஒருமுறை அச்சு இறங்கித் தகட்டை வளைக்கும். உள்ளே கை இருந்தால் சென்சார் பார்த்து நிறுத்திவிடும். இதை நடத்தும் புரோகிராம் நான் எழுதியது. அது தடுமாறினால், எந்த இடத்தில், எந்த வழியாக வந்து தடுமாறியது என்று பதிவு செய்ய ஒரு லைப்ரரி, அதாவது தயாராக எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு, இருக்கிறது. யாரோ எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டது.

போன வருடம் நிர்வாகம் விலை குறைந்த கன்ட்ரோல் போர்டுக்கு மாறியது. அதன் இயங்குதளம் வேறு. லைப்ரரி அதில் ஓடாது. ஓடும்படி மாற்றி எழுதும் வேலை எனக்கு வந்தது. ஆளுக்கொரு வேலை செய்யும் சிறு பகுதிகளை ஃபங்ஷன் என்போம். மொத்தம் நாற்பது ஃபங்ஷன்கள், மூன்று வாரம். முப்பத்தொன்றை எழுதினேன். மீதி ஒன்பதில் உள்ளே ஒன்றும் எழுதவில்லை. எப்போது அழைத்தாலும் ‘சரி’ என்று மட்டும் பதில் சொல்லும்படி விட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், பிறகு நிரப்பிக்கொள்வோம். சோதனை பச்சை காட்டியது. ஆறு பிரஸ்ஸிலும் ஏற்றினோம்.

பிழையைப் பதிவு செய்யும் ஃபங்ஷன் அந்த ஒன்பதில் ஒன்று.

ஆடி மாதம் இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் வெங்கட் என்ற ஆபரேட்டருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. உற்பத்தியைக் கூட்டுவதற்காகச் சிலர் சென்சாருக்கு டேப் ஒட்டி மறைப்பார்கள். இவரும் அதைத்தான் செய்தார் என்று விசாரணையில் நிர்வாகம் சொன்னது.

“நான் டேப் ஒட்டல சார், எங்கம்மா மேல சத்தியம்” என்றார் வெங்கட். பிறகு என்னைப் பார்த்தார். “எல்லாம் கம்ப்யூட்டர்ல பதிவாகும்னு நீங்கதான சார் சொன்னீங்க? எடுத்துப் படிங்க.”

படித்தேன். ‘பிழை எதுவும் இல்லை.’ அதில் அப்படித்தான் இருந்தது. அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஒன்பதையும் ஒரே வாரத்தில் எழுதி முடித்தேன். உற்பத்தி மேலாளர் குருமூர்த்தியிடம் போய், புரோகிராமில் பிழை இருக்கலாம் என்றேன்.

“இருக்கலாம்னா? இருக்குதா, இல்லியா?”

“தெரியல சார். ஆறையும் நிறுத்திப் பாக்கணும்.”

“விஜயகுமாரு, இருக்கலாம்னு சொல்லி லைன நிறுத்தினா என்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்கப்பா. பேப்பர்ல காட்டு, நிறுத்தறேன்.”

வெற்று ஃபங்ஷனைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் பதிவு இல்லை என்று மட்டும்தான் ஆகும். பிழை இருக்கிறது என்று ஆகாது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு பிழையை மறுபடி நடக்கவைத்துப் பார்க்காமல் திருத்தக் கூடாது. குத்துமதிப்பாகத் திருத்தினால் அது வேறெங்காவது போய் ஒளிந்துகொள்ளும். நான்காம் நம்பர் பிரஸ்ஸை மட்டும் இரண்டு நாள் தந்தார்கள். முழு லைப்ரரியையும் அதில் ஏற்றினேன். ஒரு மூங்கில் குச்சிக்குக் கையுறை மாட்டி உள்ளே விட்டு விட்டு எடுத்தேன். ஆறாயிரம் தடவை. ஒவ்வொரு தடவையும் அச்சு ஒழுங்காக நின்றது.

மூன்றாம் நாள் ஆளைப் போட்டார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. குச்சி ஒரே சீராகப் போய் வரும். ஆள் தயங்குவார், இழுப்பார், மறுபடி விடுவார். அந்தப் பிழைக்கு அது தேவைப்பட்டது.

வந்தவர் சுவேதா. பாகலூர்க்காரர், இருபத்து மூன்று வயது. நான் லேப்டாப்போடு தினமும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்ன சார், பொண்ணு பாக்க வந்தாப்புல தெனமும் வந்து ஒக்காந்துக்கறீங்க? பிரஸ்ஸுக்குக் கண்ணாலம் பேசி முடிச்சிட்டீங்களா?”

“நல்ல எடமான்னு பாத்துட்டு இருக்கேன்மா.”

“வரதட்சண கேட்டா ஒதச்சிரும், பாத்து.”

கையைக் கவனமாக வைத்துக்கொள்ளும்படி அவரிடம் தினமும் சொன்னேன். “அதான் சென்சார் இருக்குதே சார்” என்பார்.

பத்தொன்பதாம் நாள், காலை பதினொன்று இருபது. ஒரு தகடு சிக்கிக்கொண்டது. குனிந்து இரண்டு கையாலும் இழுத்தார். சென்சார் விளக்கு சிவப்பானது. அச்சு நிற்கவில்லை. அது மெதுவாகத்தான் இறங்கும், மூன்று வினாடி ஆகும். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவசர பட்டன் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அழுத்தினால் போர்டுக்கு மின்சாரம் நின்றுவிடும். பதிவு பாதியில் நின்றுபோகும். அப்புறம் இன்னும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமோ. மற்ற ஐந்து பிரஸ்களில் ஐந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களையும் நான் யோசிக்க வேண்டியிருந்தது.

திரையில் முதல் வரி வந்தது. பின்னாலேயே பதின்மூன்று வரிகள். ஒன்றுகூட விடுபடவில்லை.

‘சார்’ என்றுதான் அவர் கத்தினார் என்கிறார்கள். நான் அப்போது ஃபைலைச் சேமித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே லைன் நின்றது. திருத்தம் மூன்று வரிதான். வெங்கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், இடது கையால் செய்யக்கூடிய வேலைக்கு. அவருடைய அம்மா மாரம்மா கேட் வரைக்கும் வந்து, “நீ நல்லா இருக்கணும் சாமி” என்று கும்பிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை.

மாற்றி எழுதிய லைப்ரரியைப் பொதுவில் போட்டேன். எங்கெங்கோ இருப்பவர்கள் எடுத்து ஓட்டுகிறார்கள். இதுவரை ஒரு குறையும் வரவில்லை. இப்படிப் போடும்போது, சோதனைக்கு உதவியவர்களின் பெயரையும் கீழே சேர்ப்பது வழக்கம். ‘சுவேதா, ஓசூர்’ என்று சேர்த்தேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் சம்மதம் கேட்க முடியவில்லை. கேட்காமல் சேர்த்திருக்கக் கூடாது. அந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன்.